உடைமையும் அனுமதியும்: ஒன்பது எழுத்துகளின் வரலாறு

இணையதளம் ஒன்றைத் திறக்க முயல்கையில் 403 என்ற எண்ணோடு ‘அனுமதி இல்லை’ என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் திரையில் தோன்றுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். கோப்பு இருக்கிறது, வழங்கியும் இயங்குகிறது, ஆயினும் வாசல் அடைபட்டிருக்கிறது. ஒரு பொருள் யாருடையது, அதை யார் தொடலாம் என்னும் பழைய வினாவுக்குக் கணிப்பொறி தேடிய விடைகளின் வரலாறு அந்த மறுப்புக்குப் பின்னால் உள்ளது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்தது. பகிர்வு வந்ததும் வேலியும் வந்தது; பயனர்களுக்குக் கடவுச்சொல் தரப்பட்டது. ஆனால் 1960களின் நடுவில் ஒருநாள், உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. பொறுப்பாளர்கள் இருவர் ஒரே நேரத்தில் திருத்த வேலையில் இருந்தனர். ஒருவர் கையில் அன்றைய அறிவிப்பு, மற்றவர் கையில் கடவுச்சொல் பட்டியல். திருத்தி இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஓர் அடைவில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற அனுமானமே இங்கு பிழையாயிற்று.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இவ்வினாவைச் சிக்கனமாக அணுகியது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதற்பதிப்புக் கையேட்டின்படி, கோப்பின் உலகில் இரு சாரார் மட்டுமே: உடையவர், பிறர். பின்னர் இடையில் ‘குழு’ சேர்ந்தது. உடையவர், குழு, பிறர் என்னும் மூவருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள். ஆக ஒன்பது எழுத்துகள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கூட்டினால் 644, 755 போன்ற எண்கள் கிடைக்கின்றன. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. உடையவருக்கு உரிமை மறுக்கப்பட்டு, பிறருக்கு வழங்கப்பட்டிருந்தால், உடையவரே வாசலில் நிற்க வேண்டியதுதான். அமைப்பு முதலில் ‘நீ யார்’ என்று கேட்கிறது. அதற்குரிய வரிசையை மட்டுமே பார்க்கிறது.

1995இல் வெளிவந்த அப்பாச்சி போன்ற வழங்கிகள் இந்த ஏற்பாட்டின்மேல் வந்து அமர்ந்தபோது புதிய சிக்கல் பிறந்தது. 80ஆம் எண் வாயிலைத் திறக்க ‘ரூட்’ என்னும் முழு அதிகாரப் பயனராகத் தொடங்கும் வழங்கி, பின்னர் பாதுகாப்புக்காக அதிகாரமற்ற வேறொரு பயனராக மாறிவிடுகிறது. சில அமைப்புகளில் அதன் பெயரே ‘நோபடி’, அதாவது ‘யாருமில்லை’. தள உரிமையாளர் ஏற்றிய கோப்புகளுக்கு இந்த ‘யாருமில்லை’ ஓர் அந்நியர். மறுபுறம், பி.ஹெச்.பி. நிரல் வழியாக வழங்கி உருவாக்கிய அடைவோ அதற்கே சொந்தம்; அதிலுள்ள படங்களைத் தள உரிமையாளரால் அழிக்க இயலாது. தன் வீட்டு அறைக்கே சாவியில்லாத நிலை.

பலர் கண்ட குறுக்குவழி 777. எல்லோருக்கும் எல்லா உரிமையும்! பிழைச்செய்தி மறையும், ஆனால் ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருந்தபோது, பக்கத்துத் தளத்தில் புகுந்தவன் நம் தளத்திலும் எழுத அது வழிவிட்டது. ஒவ்வொரு தளத்தின் நிரலையும் அதன் உரிமையாளரின் பெயரிலேயே இயக்கும் ‘சூஎக்செக்’ 1997இல் அப்பாச்சியில் வந்தது. பி.ஹெச்.பி. மொழி தானே உடைமையைச் சோதிக்க முயன்ற ‘சேஃப் மோட்’ நிலைக்கவில்லை, 2012இல் நீக்கப்பட்டது. அது இயங்குதளம் செய்ய வேண்டிய காவல் அல்லவா?

இன்றும் 403 தோன்றினால் எண்ணை மாற்றுமுன் கேட்க வேண்டியவை மூன்று. வழங்கி எந்தப் பயனராக இயங்குகிறது? கோப்பு யாருக்கு உடைமை? வேர் அடைவிலிருந்து கோப்பு வரையுள்ள ஒவ்வோர் அடைவிலும் அந்தப் பயனருக்கு ‘இயக்கும்’ உரிமை உண்டா? அடைவைப் பொறுத்தவரை இயக்குதல் என்பது உள்ளே கடந்து செல்லும் உரிமை. கோப்பு திறந்திருந்தும் நடுவழியில் ஒரு கதவு சாத்தியிருப்பதே பெரும்பாலும் நோயின் மூலம். பொதுவாகக் கோப்புக்கு 644, அடைவுக்கு 755 போதும். கடவுச்சொல் பொதிந்த அமைப்புக் கோப்பை மட்டும் பிறர் படிக்க இயலாதவாறு இன்னும் இறுக்குவது நல்லது. வழங்கி எழுத வேண்டிய இடத்தில் மட்டும், பிறருக்குத் திறந்துவிடாமல், உடைமையையோ குழுவையோ மாற்றித் தரலாம்.

எல்லோருக்கும் திறப்பது எளிது. உரியவருக்கு மட்டும் திறப்பதற்குத்தான், முதலில் உரியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.