பால்கோவாவும் கரிக்குழாயும்



ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பால் சுண்டச் சுண்டக் கரண்டி கனக்கும். ஒரு திரவத்தில் துகள் கலந்தால் எவ்வளவு கனக்கும் என்று 1906-இல் கணக்குப் போட்டவர் ஐன்ஸ்டீன். அதில் ஒரு பிழை, 1911-இல் திருத்தினார். நூற்றுக்கு ஒரு பங்கு உருண்டைத் துகள் சேர்த்தால் பாகுநிலை இரண்டரை சதவீதம்தான் கூடும்.

1991-இல் ஜப்பானின் இயிஜிமா கார்பன் நானோகுழாயை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். (கீழடிப் பானைகளின் கறுப்புப் பூச்சிலும் அது இருந்ததாக 2020-இல் கண்டார்கள். வனைந்தவருக்குத் தெரிந்திருக்காது, சூளை நெருப்பின் வேலை.)

இது உருண்டையல்ல, நூல் மாதிரி. பஞ்சு சிக்குவதைப் பற்றி ராஜபாளையத்து மில்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே உருகிய பிளாஸ்டிக்குக்குள் வலை பின்னிக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் கெட்டிப்பொருள் போல முரண்டு பிடிக்கும். ஐன்ஸ்டீன் கணக்கு இங்கே செல்லாது.

மின்சாரத்தைக் கடத்துவதும் அந்த வலைதான். பெரும்பாலும் அதற்காகவே கலக்கிறார்கள். மோல்டிங் பட்டறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் தலைவலி. வேகமாகத் தள்ளினால் இளகி ஓடி அச்சு நிரம்பும், ஆனால் வலை அறுந்து மின்கடத்தல் குறையும். உருகிய நிலையிலேயே சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடி பின்னிக்கொள்ளும்.