மாம்பலத்து நெடிய ஏரி

சென்னைத் தியாகராய நகரின் பெரும்பகுதி, ஒரு நூற்றாண்டுக்கு முன்புவரை, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வடக்கு தெற்காக நீண்டு கிடந்த ஏரியாக இருந்தது. ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' எனக் குறித்த அந்நீர்நிலை, மழைநீரைக் கரைகட்டித் தேக்கி, மதகு எனப்படும் அடைப்புள்ள திறப்பின் வழியே வயலுக்கு விட்டு, மிகைநீரைக் கலங்கல் எனப்படும் தாழ்ந்த கற்கட்டின் மேல் வழியவிடும் பழைய பாசன முறையைச் சேர்ந்தது.

வீட்டுமனைக்கான தேவை பெருகியபோது, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் வழிவகுக்க, 1923 முதல் ஏரி வடிக்கப்பட்டு, பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு தெருக்கள் வகுக்கப்பட்டன. அக்காலத்துக்கு அது நேர்த்தியான திட்டமே. வடித்த பள்ளத்தை நீர் மீண்டும் தேடி வரும் என்பதற்குத்தான் அதில் போதிய இடம் இல்லை. நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய பகுதியும் பின்னர் தூர்க்கப்பட்டு, 1976இல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையில் நின்றால், பெயரைத் தவிர ஏரியின் சுவடு எதுவும் கண்ணில் படாது. ஐப்பசி அடைமழையில் மட்டும், அடையாற்றுக்குச் செல்லும் மாம்பலம் கால்வாய் நிரம்பிவிட, வடிய வழியற்ற தண்ணீர் சுற்றுவட்டாரத் தெருக்களில் முழங்காலளவு தேங்கிவிடுகிறது.