சுடவும் சுடாமல் இருக்கவும்

போலீஸ் துப்பாக்கிக்கு நல்ல விசை எது என்று கேட்டால், லேசான விசை என்பதுதான் பலரின் பதிலாக இருக்கும். விரல் பட்டதும் இறங்க வேண்டும், இழுக்கும்போது குழல் அசையக் கூடாது, குண்டு குறியில் போய் நிற்க வேண்டும். சுடும் போட்டிக்கு இது சரிதான். அமெரிக்காவில் ரோந்து ரைஃபிளைச் சொந்தக் காசில் வாங்கும் போலீஸ்காரர்கள், துறை அனுமதித்தால், தொழிற்சாலை வைத்த விசையைக் கழற்றிவிட்டு விலை கூடிய வேறொன்றைப் பொருத்திக்கொள்வது உண்டு. நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. ரைஃபிள் அரசின் உடைமை. அதைச் சுமக்கும் காவலர் ஒரு திருகைக்கூடத் தளர்த்த முடியாது. பழுது பார்ப்பது ஆர்மரரின் வேலை. எனவே இங்கே விசை என்பது எப்போதுமே அரசு எடுத்த முடிவு. செங்கல்பட்டிலிருந்து கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரையுள்ள இந்தக் கரையோரத்தில் சுமார் 270 ஆண்டுகளாக ஆயுதம் தாங்கியவர்களின் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விசைக்கு இரண்டு கடமைகள்: இழுத்தால் சுட வேண்டும், இழுக்காவிட்டால் சுடவே கூடாது. முதல் கடமையைத் தொழில்நுட்பம் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தீர்த்துவிட்டது. காவல் பணிக்கு முக்கியமான இரண்டாவது கடமையோ புதிய விசை வாங்கித் தீர்வதல்ல, பராமரிப்பால் தீர்வது.

1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பியபோது அவரிடம் இருந்தவர்கள் புதிதாகச் சேர்த்த 200 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டு அந்த ஐரோப்பியரில் ஒருவனைக் கொன்றதும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தத்தில் மிரண்ட காவலாள் ஒருவன் சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் அகப்பட்டான் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். ஆனாலும் கோவளம் விழுந்தது, அடுத்துக் கொளவாய் ஏரியையும் சதுப்பையும் அரணாகக் கொண்ட செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. (கோவளம் கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதி, செங்கல்பட்டுக் கோட்டையை ஊடுருவி ரயில் ஓடுகிறது.) அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் இயங்கியது. உள்ளூர்க் காவல்காரர்களிடமும் பாளையக்காரர்களிடமும் ஈட்டி, தடிகளோடு இருந்தது திரித்துப்பாக்கி. திரியில் தீ அணையாமல் காக்க வேண்டும்; கல்லிலோ பொறி பறந்து கிண்ணியில் உள்ள மருந்தில் விழ வேண்டும். காற்று கொஞ்சம் ஈரமானாலும் இரண்டும் ஏமாற்றும். கடற்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள இந்தக் கரையில் அந்தக் காலத்து ஆளுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே கவலை, இழுத்தால் சுடுமா என்பதுதான்.

அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பதற்கு நல்ல கணக்கே இருக்கிறது. 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் கல் துப்பாக்கியையும் புதிதாக வந்த இன்னொரு வகையையும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை சுட மறுத்தது, அதாவது ஏறக்குறைய ஆறரை முறைக்கு ஒரு முறை. அடித்தால் வெடிக்கும் சிறு கேப்பு வைத்த புதிய துப்பாக்கி 36 முறை மட்டுமே ஏமாற்றியது. துப்பாக்கியின் வரலாற்றில் விசைப் பொறிக்குச் செய்த உண்மையான மேம்பாடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். அதற்குப் பிறகு பித்தளைத் தோட்டா வந்ததும் மழை கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லாமல் போனது. இன்றைக்கு விசையை மாற்றினால் துப்பாக்கியின் நம்பகம் கூடும் என்று சொல்பவர்கள் தீர்ந்துபோன வழக்கை மறுபடி நடத்துகிறார்கள்.

இனி இரண்டாவது கடமை, சுடாமல் இருப்பது. அதற்குக் காவல் துறை பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1802இல் தரோகா என்ற காவல் அதிகாரிகளை வைத்தும் 1816இல் கிராமத் தலைவர்களிடம் திருப்பிக் கொடுத்தும் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் காவலை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தது. 1855இன் சித்திரவதை விசாரணைக் குழு வருவாய்த் துறையும் காவலும் ஒரே கையில் இருப்பதன் கேட்டை வெளிப்படுத்திய பின், 1859இன் 24ஆம் சட்டம் தனிப் போலீஸ் துறையை உண்டாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். அந்தத் துறை பிறந்த நேரம் கவனிக்கத்தக்கது. 1857 கிளர்ச்சி அப்போதுதான் அடங்கியிருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கான என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் இருந்த மரைகளைக் கடைந்து எடுத்து, தொலைவுக்கு ஏற்ப உயர்த்தும் குறிநோக்கியையும் நீக்கி, 1858 மாதிரி என்று அரசு வெளியிட்டது. தூரத்துக் குறியை அது எட்டாது. போலீசுக்குப் பின்னாளில் கொடுத்த மார்ட்டினி வகையிலும் மரையில்லாக் குழல்கள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் இச்சாப்பூர் தொழிற்சாலை த்ரீ நாட் த்ரீ ரைஃபிளை எடுத்து, குழலை அகலமாக்கி, மேகசின் இருக்கும் பள்ளத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் ஃபோர் டென் மஸ்கட்டாக மாற்றியது. சிறைக்கும் பாராவுக்கும் கூட்டத்தைக் கலைப்பதற்கும் அது போதும் என்பது எண்ணம். ஆள்பவருக்கு இதில் நல்லெண்ணம் எதுவும் கிடையாது; ஆயுதம் தங்கள் பக்கமே திரும்பிவிடும் என்ற பயம்தான். ஆனால் பயத்தில் செய்தாலும் அதில் ஒரு நுணுக்கம் இருந்தது. துப்பாக்கியின் ஆபத்தைக் குறைக்க அவர்கள் குழலிலும் மேகசினிலும் கை வைத்தார்கள். விசையை அப்படியே விட்டார்கள். மஸ்கட்டை இழுத்த விரலுக்கும் ராணுவ ரைஃபிளை இழுத்த விரலுக்கும் ஒரே உணர்வுதான்.

அந்த விசை எப்படிப்பட்டது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மையம் இருக்கிறது. த்ரீ நாட் த்ரீயில் இழுப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு 3 முதல் 4 பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோ அளவு. அங்கே விரல் ஒரு திட்டவட்டமான தடையில் வந்து முட்டி நிற்கும். அதைத் தாண்டி 5 முதல் 6 பவுண்டு வரை அழுத்தினால்தான் வெடிக்கும். இந்த முட்டல்தான் அருமையான ஏற்பாடு. சுடத் தயாராவதும் சுடுவதும் விரலுக்கே இரண்டு வேறு செயல்களாகத் தெரிகின்றன, முதலாவதிலிருந்து பின்வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பலவீனம் உண்டு. அடிப்பானைப் பிடித்து வைக்கும் கொக்கி மேலே இரும்பு உடம்பில் இருக்கும். விசையோ கீழே காப்பு வளையத்தில் ஊசியால் பிணைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மரக்கட்டை. மழைக்காலத்தில் மரம் ஊதும், அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து சுருங்கும். அதற்கேற்ப விசைக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் இரு கட்டங்களின் அளவும் மாறும், மோசமான நிலையில் முட்டலே மங்கிப்போகும். பிரிட்டன் இதை அதே குடும்பத்தில் பின்னால் வந்த நான்காம் எண் ரைஃபிளில் 1949இல்தான் திருத்தியது: விசையை மரத்தை நம்பி விடாமல் இரும்பு உடம்பிலேயே தொங்கவிட்டது. இரண்டு உலகப் போர்களும் முடிந்த பிறகு வந்த திருத்தம்! இந்தியா அந்த நான்காம் எண்ணைத் தயாரிக்கவில்லை. 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக இச்சாப்பூர் செய்த 2ஏ ரைஃபிளிலும் பழைய அமைப்பே தொடர்ந்தது. ஆக, சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கும் ஒரு மாவட்டத்தில் த்ரீ நாட் த்ரீ துல்லியமாக இருந்தது என்றால், மரத்தைச் சீவியும் திருகைச் சரிபார்த்தும் அதை அப்படி வைத்திருந்த ஆர்மரருக்கே அந்தப் பெருமை சேரும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கனத்த விசை பாதுகாப்பு என்பது பொய், அதை இழுக்கும் முயற்சியில் குழல் விலகிக் குண்டு வழிப்போக்கர்மேல் பாயும் என்பார்கள். நியூயார்க் போலீஸ் தன் கைத்துப்பாக்கிகளுக்கு 12 பவுண்டு விசை வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஒரு கொலையாளியை நோக்கி இரு போலீஸ்காரர்கள் 16 குண்டுகள் சுட்டதில் வழியில் நின்ற 9 பேர் காயமடைந்தார்கள். விசையின் கனம் அப்போது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது; பின்னாளில் அந்தத் துறை புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைக் குறைத்தது. இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. நான் கனத்துக்காக வாதாடவும் இல்லை. 12 பவுண்டை ஒரே இழுப்பில் கேட்பதும், ஒன்றரைக் கிலோவில் ஒரு முட்டல் வைத்து அதற்குமேல் கொஞ்சம் கேட்பதும் வேறு வேறு. விலை உயர்ந்த மாற்று விசைகளில் இன்று போலீசுக்கு என்று பரிந்துரைக்கப்படுபவையும் பெரும்பாலும் இரண்டு கட்ட விசைகள்தான். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கையேட்டில் இருந்த ஏற்பாடு இப்போது பளபளக்கும் பெட்டியில் வருகிறது. அதே 2012 நிகழ்ச்சியில் இன்னொன்றும் மறக்கப்படுகிறது: கூட்டத்தின் நடுவே சுடலாமா என்ற கேள்விக்கு எந்த விசையும் பதில் சொல்லாது. நம் சட்டத்தில் கூட்டத்தைக் கலைக்கப் பலத்தைப் பயன்படுத்தும் முடிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவிலும், மாஜிஸ்திரேட்டிடமும் நிலைய அதிகாரியிடமும் இருக்கிறது. உத்தரவுக்குக் காத்திருக்கும் காவலருக்கு அரை நொடி வேகம் எதற்கு?

மரக்கட்டைக் காலம் போய்விட்டதே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது. இன்றைய எஸ்எல்ஆர், இன்சாஸ், ஏகே ரைஃபிள்களின் விசைகள் இரும்பு உடம்பிலேயே இருக்கின்றன. மரம் ஊதினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. (இன்சாஸில் விசையைப் பிடித்தபடி இருந்தாலும் மூன்று குண்டோடு நிற்கும்படி செய்திருந்தது, சுடாமல் இருப்பதையும் விசையின் வேலையாக வடிவமைப்பாளர்கள் நினைத்ததற்கு அழகான சான்று.) ஆனால் மரத்தின் இடத்தை உப்புக்காற்று பிடித்துக்கொண்டது. விசைப் பெட்டிக்குள் துருவும் காய்ந்த எண்ணெயும் மணலும் சேர்ந்தால் கொக்கி முழுமையாகப் பிடிக்காது. மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோதும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் ஆயுதத்தோடு கடற்கரையில் நின்றவர்கள் ஏராளம். அப்படி நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு குண்டுகூடச் சுடாமலே டூட்டி முடித்துத் திரும்புவார்கள். சுடாமல் இருப்பதுதான் இந்தத் துப்பாக்கிகளின் அன்றாட வேலை. கல்பாக்கத்தில் 2023 நவம்பரில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரை ஏற்றிச் சென்ற பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஒரு வீரரின் துப்பாக்கி வெடித்து அவர் உயிரிழந்தார் என்று செய்தி வந்தது. அறைக்குள் தோட்டா ஏறாமல் இருந்தால் எவ்வளவு லேசான விசையும் ஒன்றும் செய்யாது. ஏறியிருந்தால் எவ்வளவு உயர்ந்த விசையும் முழு உத்தரவாதம் தராது. அமெரிக்காவில் 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி கீழே விழுந்தால் சுடுகிறது என்று தெரிந்ததும் நிறுவனம் மாற்றியமைத்துத் தந்தவற்றில் விசையும் ஒன்று. அதை நல்ல மேம்பாடு என்று ஒப்புக்கொள்ளலாம். அது வேகத்துக்காக வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மும்பையை நினைவூட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2008 நவம்பரில் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் த்ரீ நாட் த்ரீயோடு நின்ற போலீஸார் ஏகே துப்பாக்கிகளை எதிர்கொள்ள முடியாமல் போனது நினைவில் இருக்க வேண்டியதுதான். கடல் வழியாக வந்தவர்கள் அவர்கள். இந்தக் கரைக்கும் அந்தப் பாடம் பொருந்தும். ஆனால் அங்கே தோற்றது போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டிய ரைஃபிள். அதைவிட முக்கியமாக, பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காத கைகள். வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் போலீஸ் அகாடமியும் அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் தளமும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. ஆண்டுக்குச் சில தோட்டாக்களை மட்டும் சுடும் ஒருவருக்கு விலை உயர்ந்த விசையைக் கொடுத்தால் அவர் இன்னும் லேசாகத் தவறு செய்வார், அவ்வளவே. தை பிறந்ததும், மழையும் ஈரமும் போனபின், ஆயுதக் கிடங்கில் ஒவ்வொரு ரைஃபிளின் விசையிலும் எடைக்கல் தொங்கவிட்டு இழுப்பை அளந்து பதிவேட்டில் எழுத ஆர்மரருக்கு இன்னொரு கையைக் கூட்டிக் கொடுக்கலாம். புது விசை வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கலாம். இரண்டையும் சேர்த்தாலும் புது விசைக்கான டெண்டரைவிடச் செலவு குறைவு.