வண்டி கூறும் நோய்க்குறி



திருவாரூர்த் தேரழகைக் கேள்வியுறாதார் நம் நாட்டில் இலர். 1948ஆம் ஆண்டுக்குப் பின் ஓடாது நின்றிருந்த அந்த ஆழித்தேர் 1970இல் மீண்டும் ஓடியது. சிறுவனாயிருந்த நான் தேரைவிட, முட்டுக்கட்டை போடுவோரையே வியந்து நோக்குவேன். சக்கரம் சற்றே விலகினாலும், அச்சு முனகினாலும், கண்ணாலும் செவியாலும் அறிந்து உடனே கட்டையை இடுவர். பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினர். ஆயினும் முட்டுக்கட்டைக்கு வேலை போய்விடவில்லை.

மோட்டார் வண்டியின் குறையையும் நெடுங்காலம் இவ்வாறே அறிந்தனர். மெக்கானிக் எஞ்சினின் ஓசையைக் கேட்பார். புகையின் நிறத்தைப் பார்ப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதில் படிந்த கரியை நோக்குவார். இன்றோ வண்டியே தன் குறையை எண்ணாக எழுதி வைக்கிறது. இவ்வழக்கம் எவ்வாறு பிறந்தது? பட்டறையில் அன்று, ஒரு நகரத்து மக்களின் கண்ணெரிச்சலில் பிறந்தது.

1940களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்களைக் கரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் வெயிலில் மாறுதலடைவதே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர் காட்டினார். புகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் எழுந்தன. எரிபொருளையும் காற்றையும் அளந்து கலக்க எஞ்சினில் கணினி புகுந்தது. ஓட்டுநர் அறியாமலே பழுதுற்ற எஞ்சின் காற்றைக் கெடுக்குமாதலால், அப்பழுதை வண்டியே அறிவித்தல் வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு வண்டிகள் முதல் விதித்தது. தொடக்கத்தில், விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணியே குறியைப் படித்தனர். நிறுவனத்துக்கு நிறுவனம் குறிகளும் வேறுபட்டன. 1996 முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் பொதுக்குறிகள் வந்தன. நம் நாட்டில் பாரத் நிலை 4 விதிகளின்கீழ் 2010இல் இதன் முதற்படியும், 2013இல் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன.

‘பி 0171’ என்னும் குறியை எடுத்துக்கொள்வோம். ‘பி’ என்பது எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்த சுழியம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி எனக் கூறும். ‘1’ எரிபொருளும் காற்றும் கலக்கும் பகுதியைச் சுட்டும். ‘71’ குறிப்பிட்ட குறையைச் சொல்லும். அதாவது, எரிபொருளுக்கு வேண்டிய அளவினும் காற்று மிகுந்துள்ளது.

மிகுந்தது ஏன்? அதைக் குறி கூறாது. இதனை நான் பணம் கொடுத்துக் கற்றேன். எங்கள் காரில் இக்குறி தோன்றியபோது, ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியையும் அழித்துத் தந்தனர். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இன்று மெக்கானிக்காயிருப்பவர், வந்தார். புதிய பொருள் எதனையும் அவர் வாங்கச் சொல்லவில்லை. முதலில், “ஐயா, வண்டி எங்கே நிற்கிறது?” என்று வினவினார். வைக்கோற்போரின் அருகே என்றேன். நகைத்துக்கொண்டே குனிந்து, காற்று செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தைத் தடவினார். எலி கடித்த துளை ஒன்று அவர் விரலில் தட்டுப்பட்டது! அளக்கப்படாத காற்று அவ்வழியே புகுந்திருக்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன சாட்சியைத்தான் நாங்கள் மாற்றிவிட்டோம். குழாயை மாற்றிய பின் அக்குறி திரும்பவில்லை.

என் ஆசிரியப் பணியை அன்று எண்ணிப் பார்த்தேன். கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைக் கண்டதும் “சோம்பேறி” என்று எத்தனை முறை முடிவு கட்டியிருப்பேன்! கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிந்ததா, காலையில் உண்டு வந்தானா என்று கேட்டேனா? மதிப்பெண்ணும் ஒரு குறியே. எங்கே தேடவேண்டும் என்று அது காட்டும். தேடுதல் நம் கடன். நாளை எந்தத் தொழிலை மேற்கொண்டாலும், இதனை நினைவிற் கொள்ளுங்கள்.