கடல் கடந்த வீட்டுக்காகம்

வீட்டுக்காகம் தெற்காசியாவின் பூர்வீகப் பறவை. 1817இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ இதற்கு கோர்வஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று அறிவியற் பெயர் சூட்டினார். நீளம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். இலங்கைக் காகத்தில் அந்தச் சாம்பல் சற்றுக் கருமை ஓடியிருக்கும். மனிதர் வாழும் இடத்தை விட்டு இது தனித்து வாழ்வதில்லை. ஆசியா, ஆபிரிக்கா எங்கும் இதன் பெருக்கத்தையும் வீழ்ச்சியையும் விளக்கும் உண்மை இதுதான்.

கொழும்பில் இதைப் பார்க்க உகந்த இடம் புறக்கோட்டை. ஒல்கொட் மாவத்தையில் 2020 வரை மரக்கறி மூட்டை இறங்கிய மெனிங் சந்தைப் பக்கத்திலும் ஐந்துலாம்புச் சந்தியின் சாப்பாட்டுக் கடைப் பின்புறங்களிலும் காகத்துக்குக் குறைவில்லை. கூட்டுக்குச் சுள்ளியோடு கட்டுக்கம்பித் துண்டுகளையும் கொத்திக்கொண்டு போகும். அலகால் வளைத்துப் பின்னிய அந்தக் கூடு மழைக்கும் காற்றுக்கும் எளிதில் கலையாது. புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய் எரித்தவர்கள் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள். நகரின் வடக்கே களனி கங்கை கடலில் சேரும் பக்கத்தில் ஓரிடத்துக்குக் காக்கைத்தீவு என்றே பெயர்.

ஒல்லாந்தர் ஆட்சியில் காகத்தைக் கொல்வோருக்குக் கடும் தண்டனை இருந்தது. கறுவாப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது காகமே என்று அவர்கள் நம்பியதாக எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதிய இலங்கை இயற்கை வரலாற்று நூல் சொல்கிறது. கறுவா வணிகத்தில் உயிரை வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு அது சின்ன விஷயமல்ல.

1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழுக்கள் அரித்தன. புழுவைத் தின்னும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கோப்பிப் பயிர் பின்னர் அங்கே ஒழிந்தது, காகம் ஒழியவில்லை. 1940களில் சிங்கப்பூரிலும் காணப்பட்டது. அதன் கூட்டில் முட்டையிடும் குயில், அதற்கு முன் அங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்துபோன பறவை, காகம் பெருகியபின் நிலையாகத் தங்கி இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. ஆலோசிக்காமல் கொண்டுபோன ஒரு பறவை இன்னொன்றின் வாழ்க்கையையும் மாற்றிவிட்டது.

2003இல் வெளியான ஆய்வொன்று சிங்கப்பூர்க் காகங்களின் தொகையை ஓர் இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டது. இரைச்சலும் எச்சமும் பொறுக்காத மக்களின் முறைப்பாடு குவிந்தது. துப்பாக்கியால் சுட்டார்கள்; கூடுகளைக் கலைத்தார்கள்; குப்பைத் தொட்டிகளுக்கு மூடியிட்டார்கள். தொகை வெகுவாக இறங்கியது. சுடுவது நின்றபின், 2023 வாக்கில் பீஷான் போன்ற பகுதிகளில் காகம் மனிதரைக் கொத்தும் செய்திகள் மீண்டும் வரத் தொடங்கின. துப்பாக்கி தொகையைக் குறைக்கும், ஆனால் தின்ன இருக்கும் வரை அது திரும்ப ஏறும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது என்பதே என் கருத்து.

முழுதாய் இல்லாமற்போன ஓரிடமும் உண்டு. 1990களில் யேமனின் சொகோத்ராத் தீவில் வந்திறங்கிய சிறு கூட்டம், குஞ்சுகளைப் பிடித்து வருவோருக்குச் சன்மானம் தந்தும் கடைசிப் பறவைகளைச் சுட்டும் 2009இல் அகற்றப்பட்டது. கூட்டம் பெருகுமுன் கைவைத்ததால்தான் அது முடிந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் காலம் கடந்துவிட்டது: சான்சிபாருக்கு 1890களில் கொண்டுவரப்பட்ட காகம் கரையோரம் முழுதும் பரவி, 2024இல் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாகக் கென்யா அறிவிக்கும் அளவுக்குப் போனது. கொழும்பு வழிக் கப்பல்களில் ஒட்டிக்கொண்டு அவுஸ்திரேலியா சேர்ந்த காகங்களுக்கோ அங்கே நிலைகொள்ள இடம் கொடுக்கப்படவில்லை.

புறக்கோட்டையில் இது வந்தேறி அல்ல. இங்கே அதை அழிக்கவேண்டியதில்லை. அதன் உணவுதான் இடம் மாறுகிறது. 2020இல் மெனிங் சந்தை பேலியகொடைக்குப் பெயர்ந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்டபின், நகரின் குப்பை 2019 முதல் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்கு அனுப்பப்படலாயிற்று.