தோடர் மந்தும் அங்குச் சென்றோரும்

1603-ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து பெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் நீலகிரி மலைமேல் ஏறினார். மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்த காலம் அது. பழைய கிறித்தவர் சிலர் நெறி மறந்து அம்மலையில் வாழ்கின்றனர் என்ற வதந்தியை நம்பிச் சென்றவர், அங்கே கண்டது எருமை வளர்க்கும் தோடரை. பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டுச் சில நாளில் இறங்கிவிட்டார். தோடரைப்பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அவருடையதே.

தோடர் சிற்றூருக்கு மந்து என்று பெயர். பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தாற்போன்ற சில வீடுகள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வேய்ந்தவை. வாயிலோ தவழ்ந்து நுழையும் அளவே. சற்று ஒதுங்கிப் பால்மனை நிற்கும். அதுவே அவர்களுடைய கோயில். பால் கறப்பதும் கடைவதும் வழிபாடு. உழவு அக்காலத்தில் அவர்கள் தொழிலாக இருக்கவில்லை. படகர் தானியம் தந்தனர். கோத்தர் மட்கலமும் கருவியும் தந்து, சாவுச் சடங்கில் இசையும் முழக்கினர்.

தமிழாசிரியர் இங்கே ஒன்றைக் கருதலாம். பால்மனையைத் தோடர் 'பொள்ய்' என்பர். அது நம் 'பள்ளி'. தம்மை 'ஓள்' என்பர். அது நம் 'ஆள்'. நம் அகரம் அங்கே ஒகரமாகவும், ஆகாரம் ஓகாரமாகவும் நிற்கின்றன. வழிபாட்டிடத்தைக் குறித்த பழம்பொருளை நாம் பள்ளிக்கூடத்திற்குள் ஏறக்குறைய மறந்துவிட்டோம், தோடரோ மறக்கவில்லை.

1819-இல் கோவை ஆட்சித்தலைவர் சல்லிவன் மலையேறினார். அவருக்குப்பின் வந்தோர் விருந்தினராக வரவில்லை. மேய்ச்சல்நிலம் நகரமாயிற்று, தோட்டமாயிற்று.

1901-இல் ரிவர்ஸ் வந்தார். அப்போது தோடர் தொகை சுமார் 800. மொழிபெயர்ப்பாளர் துணையுடன் குடிவழிகளைச் சில திங்களுக்குள் எழுதி முடித்தார். அவருடைய நூல் 1906-இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. ஆனால் அந்நூலில் அவரே சொல்லும் செய்தியொன்று மனத்தை உறுத்துவது. அவருக்கு மறைச்செய்திகளைச் சொல்லியும் காட்டியும் உதவியவருள் ஒருவர் நோயுற்றார்; ஒருவர் மனைவியை இழந்தார்; ஒருவருடைய மந்தில் தீப்பிடித்தது. சொல்லக் கூடாததைச் சொன்னமையால் தெய்வம் சினந்தது என்று தோடர் கருதினர். பலர் வாய் மூடினர். அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், வந்தவர் நூலோடு திரும்பினார்; துயரம் மந்திலே தங்கிற்று.

கனடாவிற் பிறந்த எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தார். அதில் நெடுங்காலம் நீலகிரியிற் கழிந்தது. அவர் மொழியையே கற்றார். அப்போதுதான் பாட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு எருமைக்கும், ஒவ்வொரு மந்துக்கும், இறந்த ஒவ்வொருவர்க்கும் உரிய தொடர்கள் இரட்டை இரட்டையாக அமைந்த பாட்டு. கண்ணாடி கொடுத்த பெனிசியோவும் குடிவழி எழுதிய ரிவர்சும் அதனைக் கேட்டிருக்கலாம். பொருள் அவர்க்கு எட்டியிராது. பரோவுடன் எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961-இல் வந்தபோது, தோடர் சொற்கள் தமிழ்ச் சொற்களோடு ஒரே நிரலில் நின்றன. தோடர் பாடல்கள் 1971-இல் நூலாயின. கேட்டெழுதிய நாளுக்கும் அச்சேறிய நாளுக்கும் இடையே முப்பதாண்டுக்கு மேல்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தோடர் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களுடைய பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. உதகைக்குச் செல்வோர் இன்று அந்தச் சால்வையை வாங்கி வருகின்றனர்.