வீட்டு வாசலும் தெருவும்: ஒரு பர்மிட்டின் கதை

இந்த வார எபிசோடு கார் பார்க்கிங் பத்தி. ஆனா கதை ஒரு ஏரியில ஆரம்பிக்குது.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே ஒரு நீளமான ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், அதன் மாம்பலம் பக்கத்தை வற்றவைத்து, மண் நிரப்பி, மனை பிரித்து ஒரு புது ஊரையே போட்டார்கள். கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் 1925-ல் காலமானார். அவர் பெயரில் தியாகராய நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, முகமது உஸ்மான் பெயரில் சாலை. மேற்கு மாம்பலத்துல இன்னைக்கும் லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை.

நம்ம கதைக்கு முக்கியமான விஷயம் இதுதான்: அந்த மனைகளைப் பிரித்தபோது கார் என்பது பெரும் பணக்காரர்களின் சமாச்சாரம். மெட்ராஸில் எம்.சி.1 என்ற பதிவெண் துறைமுகத்தைக் கட்டியெழுப்பிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது என்றும், இங்கே கார் வாங்கிய முதல் இந்தியர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி என்றும் சொல்வார்கள். அவங்க வீட்டுல காரை நிறுத்த இடம் இருந்திருக்கும். திண்ணையும் கிணற்றடியும் வச்சுக் கட்டின மத்த வீடுகளுக்கு அந்தக் கவலையே இல்லை. அதே மனையில் பின்னாளில் அடுக்குமாடி வந்தது, வீட்டுக்கு ஒரு கார் வந்தது, இரண்டாவதும் வந்தது. தெருவோட அகலம் மட்டும் அப்படியே இருக்கு.

போன வருஷம் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மனு சுத்திச்சு. தி. நகரின் உள்தெரு எங்களுடையது. “நம்ம தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும் வண்டி நிறுத்த பர்மிட் வேண்டும், மற்ற வண்டிகளைத் தடை செய்ய வேண்டும்.” எதிர்வீட்டு மாமா எழுதினது. தீபாவளி சீசனில் அவரால் தன் கேட்டைத் திறக்கக்கூட முடியாது, பாவம். நானும் கையெழுத்துப் போட ரெடியாதான் இருந்தேன். அப்புறம்தான், இது எங்கே இருந்து வந்த யோசனைன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினால் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற கவுண்டியில் போய் நின்றது. அங்கே கிரிஸ்டல் சிட்டி என்று ஒரு பெரிய அலுவலக வளாகம். பக்கத்திலேயே அரோரா ஹைலாண்ட்ஸ் என்ற குடியிருப்பு. அலுவலகம் வருகிறவர்கள் காரை அந்த வீட்டுத் தெருக்களில் விட்டுவிட்டு நடந்து போவார்கள். 1970-களில் கவுண்டி ஒரு விதி போட்டது: வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை, பர்மிட் இல்லாத வண்டி அங்கே நிற்கக் கூடாது. அலுவலகக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ‘தெரு பொதுச் சொத்து. அங்கே குடியிருப்பவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?’ என்பதுதான் அவர்கள் கேள்வி. மாநில நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வீட்டுத் தெருவில் சத்தத்தையும் புகையையும் நெரிசலையும் குறைப்பது நியாயமான நோக்கம், அதற்காக இப்படிப் பிரிக்கலாம் என்று சொன்னது. அங்கே இந்த மாதிரி மண்டலங்களுக்குச் சட்ட பலம் வந்தது இந்தத் தீர்ப்பால்தான்.

அந்த விதியில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது. குடியிருப்பவர்களுக்கு மட்டுமில்லை, அவர்களிடம் வேலையாக வருகிறவர்களுக்கும், சில விருந்தினர்களுக்கும் பர்மிட் உண்டு. எங்க மாமாவோட மனுவுல அது இல்லை. அப்படின்னா இஸ்திரி வண்டிக்கார அண்ணன் எங்கே நிப்பார்? ஸ்கூட்டியில வந்து நாலு வீட்டுல சமைக்கிற அக்கா? மூணாவது மாடிப் பாட்டியைப் பார்த்துக்க ராத்திரி வர்ற நர்ஸ்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடக்கிறவங்களுக்கு அது வரம், நான் அதோட ரசிகன். பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள். மாநகராட்சி தெரு நிறுத்தத்துக்கு ஆப் வழியாகக் கட்டணம் வைத்தபோது பல இடங்களில் காருக்கு மணிக்கு 20 ரூபாய். ஆனால் பெரிய சாலையில் இடமோ இலவசமோ போனால், காசு மிச்சம் பிடிக்கிற கார் அடுத்த சந்தில் திரும்பும். ஆர்லிங்டனில் நடந்ததும் இதேதான். மயிலாப்பூர்க்காரங்களைக் கேட்டா மார்கழி கச்சேரி சீசனையும் பங்குனி அறுபத்துமூவரையும் வச்சு இதே கதையைச் சொல்வாங்க.

நம்ம ஆளுங்க இதற்குக் கண்டுபிடித்த பர்மிட் வேற மாதிரி: பூந்தொட்டி, மணல் மூட்டை, சொந்தமாக அடித்து மாட்டிய ‘நோ பார்க்கிங்’ போர்டு. அனுமதி இல்லாமல் இப்படி வைத்தால் நடவடிக்கை என்று 2024-ல் போக்குவரத்துக் காவல் துறை எச்சரித்தது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவுப்படி, வண்டி எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பது மாநில அரசும் அது அதிகாரம் கொடுத்தவர்களும்தான், உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. வாசல் நம்முடையது. வாசலுக்கு வெளியே இருக்கிற தார் நம்முடையது இல்லை.

பர்மிட் நம்ம நாட்டில் புதுசும் இல்லை. 2021-ல் ஒப்புதல் பெற்ற பெங்களூரு பார்க்கிங் கொள்கை குடியிருப்புப் பர்மிட்டைப் பேசியது: சிறிய காருக்கு வருஷத்துக்கு 1,000 ரூபாய், பெரிய எஸ்.யூ.வி.க்கு 5,000. கணக்குப் போடுங்க, 5,000-ன்னா நாளைக்கு 14 ரூபாய்கூட இல்லை. ஒரு கார் நிற்க சுமார் 130 சதுர அடி வேணும். அந்த அளவுல தி. நகர்ல ஒரு கடை வாடகைக்குக் கிடைக்குமான்னு விசாரிச்சுப் பாருங்க.

ஜப்பான் நேர் எதிர்த் திசையில் போனது. 1962-ல் போட்ட சட்டப்படி, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். தெரு அந்தக் கணக்கில் சேராது. இங்கேயும் கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், தயாரித்த கொள்கையில் கார் வாங்க இடச் சான்று என்ற யோசனை 2025-ல் செய்தியானது. உடனே எங்க குரூப்ல ஒரே கொதிப்பு. வெளியாளுக்குத் தடைன்னா சரி, நமக்கே தடைன்னா எப்படி?

அதனால மனு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யலாம்னு சொன்னேன். தெருவில் நிற்கிற வண்டிகளை மதியம் 12 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை எண்ணுவோம். பகலில் அதிகம் என்றால் வந்து போகிறவர்களால் வருகிற நெரிசல், பர்மிட் உதவும். இரவில் அதிகம் என்றால் அத்தனையும் நம்ம வண்டிதான்.

மூணு நாள் எண்ணினோம், சனிக்கிழமையும் சேர்த்து. மூணு நாளும் ராத்திரிதான் ஜாஸ்தி. மாமாவோட ரெண்டாவது கார் அதுல ஒண்ணு.

மனுவை இப்போ திருத்தி எழுதிக்கிட்டிருக்கோம். முதல் வரி, வீட்டுக்கு ஒரு பர்மிட்தான். ரெண்டாவது வரி, நர்ஸுக்கும் சமையல் அக்காவுக்கும் இலவசம். முதல் வரிக்கு இன்னும் கையெழுத்து சேரலை.